விடிகாலை 4.50க்கு ஒரு போன்: டிஜிகாம் பற்றி ஒரு ஸ்டுடியோக்காரன்

போன மாசி மாதம் ஒரு நாள், விடிகாலை 4.50க்கு போன் அடித்தது. "அண்ணே, கருப்பம்புலத்துலேர்ந்து பேசுறேன். அப்பா ராத்திரி போயிட்டாங்க. பிளக்ஸுக்கு ஒரு படம் வேணும். ஏழு மணிக்குள்ள குடுத்தாத்தான் பத்து மணிக்குக் கட்ட முடியும்ங்கிறாங்க."

வேதாரண்யம் பக்கம் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கு இந்த போன் புதிதில்லை. கல்யாண ஆர்டர் வருடத்தில் சில மாதம்தான். அஞ்சலிப் படம் பன்னிரண்டு மாதமும் வரும். வீட்டில் பெரியவர் படம் இருக்காதா என்றால், ஆதார் அட்டையில் இருக்கும், பேரன் செல்போனில் பனியனோடு இருக்கும். வேட்டி சட்டையில், தோளில் துண்டோடு, நேராகப் பார்க்கிற படம் யாருடைய கல்யாணத்திலாவது நாங்கள் எடுத்ததாகத்தான் இருக்கும். அது எந்தக் கல்யாணம், எந்த வருடம், எந்த டிஸ்க் என்பதுதான் கேள்வி. அன்றைக்குப் பல் விளக்குவதற்கு முன்பே படத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். 2011இல் அவர் தங்கை மகளுக்கு நடந்த நிச்சயதார்த்தம். கம்ப்யூட்டர் ஆன் ஆகிற நேரத்தையும் சேர்த்து ஏழு நிமிடம்.

அந்த ஏழு நிமிடத்துக்குக் காரணம் டிஜிகாம், படங்களை வகைபிரித்து வைத்துத் தேடித் தரும் மென்பொருள். இலவசம். இலவச மென்பொருள் எழுதும் கே.டி.இ. குழுவைச் சேர்ந்த தன்னார்வலர்கள் எழுதுவது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2019இலிருந்து பயன்படுத்துகிறேன். அப்போது 6ஆம் பதிப்பு, இப்போது 8. என்னிடம் இருக்கும் படங்கள் 4 லட்சத்து 10 ஆயிரம் சொச்சம், எல்லாம் சேர்த்து 3.4 டெராபைட். இந்த அளவுக்குப் படம் வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். செல்போனில் நாலாயிரம் படம் வைத்திருப்பவருக்கு இது வேண்டியதில்லை.

இதற்கு முன்னால் நாங்கள் செய்த கூத்தைச் சொன்னால்தான் இதன் அருமை தெரியும்.

அப்பா 1981இல் ஸ்டுடியோ ஆரம்பித்தபோது நீளமான கணக்கு நோட்டு ஒன்று போட்டார். தேதி, ஊர், வீட்டுப்பெயர், நெகட்டிவ் எண். அவ்வளவுதான். சொல்லப்போனால் அதுவும் ஒரு தரவுத்தளம்தான், நல்ல தரவுத்தளம். படம் பெட்டியில் இருக்கும், அது எந்தப் பெட்டி என்பது நோட்டில் இருக்கும். 2005இல் நிக்கான் டி70 வாங்கி டிஜிட்டலுக்கு மாறியதும் நான் செய்த முதல் முட்டாள்தனம், அந்த நோட்டை மூடியது. 2007இல் ஊரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஒரு தம்பியிடம் சொல்லி மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் ஒரு டேட்டாபேஸ் செய்யச் சொன்னேன். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு வரி, அந்த வரிக்குள்ளேயே குடும்பப் படம். பெயரைத் தட்டினால் படம் வந்து நிற்கும். பார்த்தபோது ஜோராகத்தான் இருந்தது.

நூறு படம் ஏற்றுவதற்குள் நின்றுவிட்டது. 'இடம் நிறைந்துவிட்டது' என்றுகூடச் சொல்லவில்லை. ஏதோ செல்லாத மதிப்பு என்று ஒரு வரிச் செய்தி. தம்பி இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டான். ஆக்சஸ் கோப்பு ஒன்று 2 ஜிபிக்கு மேல் வளராது என்று அதன் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. நாங்கள் இருவருமே படிக்கவில்லை. ஆனால் என் படம் ஒவ்வொன்றும் இரண்டரை எம்பிதானே, நூறு படம் எப்படி 2 ஜிபி ஆகும்? அங்கேதான் சூட்சுமம். படத்தை வைக்க நாங்கள் பயன்படுத்திய ஓ.எல்.இ. வகைப் புலத்தில் (வரிக்குள் இருக்கும் கட்டத்தில்) ஜேபெக் சுருங்கியபடி போய் உட்காராது. திரையில் காட்டுவதற்காக விரித்த பிட்மேப் பிரதி ஒன்றும் கூடவே ஏறிக்கொள்ளும். டி70 படம் 3008க்கு 2000 புள்ளி. ஒரு புள்ளிக்கு 3 பைட். பெருக்கினால் 18 எம்பி. இரண்டரை எம்பி படம், உள்ளே போனதும் இருபது எம்பி. பஸ்ஸில் ஒற்றை டிக்கெட் எடுத்துவிட்டுக் குடும்பத்தோடு ஏறுவது மாதிரி. அழித்தாலும் கோப்பு இளைக்காது; 'கம்பேக்ட்' கொடுத்தால்தான் இளைக்கும். அதுவும் எங்களுக்குத் தெரியாது.

அப்புறம் படத்தையெல்லாம் 800க்கு 600 ஆகச் சிறிதாக்கி ஏற்றினோம். ஆயிரத்து முன்னூற்றுச் சொச்சம் வரை ஓடியது. அதோடு அதுவும் நின்றது. 2007 ஆக்சஸிலிருந்து 'அட்டாச்மெண்ட்' என்று ஒரு புலம் வந்து, படத்தை அசல் வடிவத்திலேயே வைத்துக்கொள்ள முடிகிறது. ஆனால் 2 ஜிபி கூரை அப்படியேதான் இருக்கிறது. இன்றைய கேமராவில் படம் ஒன்றுக்கு 8 எம்பி என்று வைத்தால் இருநூற்றைம்பது படம். ஒரு காதுகுத்துக்குக்கூடக் காணாது. ஆக்சஸைக் குறை சொல்லவில்லை. வரவு செலவுக்கு, ஆர்டர் விவரத்துக்கு இன்றைக்கும் அதைத்தான் வைத்திருக்கிறேன். படத்தை அதற்குள் திணித்தது எங்கள் தப்பு.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியது. எங்கள் ஊர் என்ன ஆனது என்று இங்கே எழுதினால் மதிப்புரை நின்றுவிடும். ஸ்டுடியோவுக்குப் பட்டதை மட்டும் சொல்கிறேன். மின்சாரம் திரும்பி, ஓடு மாற்றி, சனங்கள் கொஞ்சம் மூச்சு விட்டதும் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். ஆல்பம் நனைந்துவிட்டது. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை மாதிரி ஆகிவிட்டது. "உங்ககிட்ட இருக்கும்ல?" இருந்தது. பதினோரு ஹார்டு டிஸ்க்கில், பெயர் வைத்தும் வைக்காமலும், எங்கேயோ இருந்தது. தேத்தாகுடியிலிருந்து வந்த ஓர் அம்மா மூன்று முறை வந்து மூன்று முறையும் வெறுங்கையோடு போனார். நாலாவது முறை வரவில்லை. அவர் தேடிய படம் பிறகு டிஜிகாமில் எல்லாவற்றையும் ஏற்றும்போது, 'புதிய ஃபோல்டர் 7' என்பதற்குள் கிடைத்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன்.

டிஜிகாமைக் காட்டியது அக்கா மகன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. "மாமா, படத்தை டேட்டாபேஸ்க்குள்ள போடாதீங்க. படம் எங்க இருக்குங்கிறத மட்டும் போடுங்க" என்றான். தாத்தா நோட்டில் செய்தது அதுதானே என்றேன். சிரித்தான்.

டிஜிகாம் படத்தை இருக்கும் இடத்திலிருந்து அசைப்பதில்லை. எந்த டிஸ்க், எந்த ஃபோல்டர் என்று காட்டினால் போதும். அது ஒவ்வொரு படத்தையும் போய்ப் பார்த்து, தேதி, கேமரா, அளவு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கைரேகை மாதிரி ஒன்றையும் எடுத்து வைத்துக்கொள்கிறது. நாளைக்கு நான் விண்டோஸ் வழியாகப் படத்தை வேறு ஃபோல்டருக்கு மாற்றினாலும், அந்தக் கைரேகையை வைத்து, 'இது அவர்தான், வீடு மாறியிருக்கிறார்' என்று கண்டுகொள்கிறது. விவரம் எல்லாம் எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் வகைக் கோப்பு ஒன்றில். பட்டியலில் காட்டுவதற்கான சிறுபடங்கள் தனியாக இன்னொரு எஸ்க்யூலைட் கோப்பில். முகங்களுக்கு ஒன்று, ஒரே மாதிரிப் படங்களைத் தேடுவதற்கு ஒன்று.

சிறுபடத்தை மட்டும் ஏன் டேட்டாபேஸுக்குள் வைக்கிறது என்று கேட்டேன். அவன் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. சின்னப் படம் என்றால் உள்ளே வைப்பதுதான் வேகம். எஸ்க்யூலைட் ஆட்களே அளந்து போட்டிருக்கிறார்கள்: 10 கேபி அளவுச் சிறுபடங்களைத் தனித்தனிக் கோப்பாகத் திறப்பதைவிட டேட்டாபேஸுக்குள்ளிருந்து எடுப்பது ஏறத்தாழ 35 சதவீதம் வேகம். 100 கேபி தாண்டினால் வெளியே வைப்பது நல்லது. 2006இல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் ஜிம் கிரே உள்ளிட்ட மூன்று பேர் வேறொரு டேட்டாபேஸில் சோதித்து, 256 கேபிக்குக் கீழே உள்ளே, 1 எம்பிக்கு மேலே வெளியே என்றார்களாம். என் சிறுபடக் கோப்பு 13 ஜிபி. படம் ஒன்றுக்கு 32 கேபி வருகிறது. கணக்கு சரிதான்.

அந்த ஜிம் கிரே பற்றித் தேடிப் படித்தேன். டேட்டாபேஸ் உலகில் பெரிய பெயர், 1998இல் கம்ப்யூட்டர் துறையின் பெரிய விருதான டூரிங் விருது. அந்தச் சோதனைக்கு அடுத்த வருடம், 2007 ஜனவரியில், தாயாரின் அஸ்தியைக் கரைக்க சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பாய்மரப் படகில் தனியாகப் போனவர் திரும்பவே இல்லை. நண்பர்கள் செயற்கைக்கோள் படங்களை ஏற்பாடு செய்து, துண்டு துண்டாக்கி, ஆயிரக்கணக்கானவர்கள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகப் படகைத் தேடியிருக்கிறார்கள். கிடைக்கவில்லை. கடல் ஓரத்தில் பிறந்தவனுக்கு இதைப் படித்துவிட்டு உடனே வேலைக்குத் திரும்ப முடியவில்லை.

சரி, மென்பொருளுக்கு வருகிறேன்.

முதல் ஏற்றம் பொறுமையைச் சோதிக்கும். என் கம்ப்யூட்டர் ரைசன் 5, 16 ஜிபி நினைவகம், 500 ஜிபி எஸ்.எஸ்.டி.; படங்கள் 8 டெராபைட் ஹார்டு டிஸ்க்கில். படங்களைக் கணக்கெடுக்க இரண்டு நாள், சிறுபடம் உருவாக்க மூன்று நாள், முகம் தேட பதினோரு ராத்திரி. டேட்டாபேஸ் கோப்புகளைக் கட்டாயம் எஸ்.எஸ்.டி.யில் வையுங்கள். நான் முதலில் படங்கள் இருக்கும் டிஸ்க்கிலேயே வைத்துவிட்டு, மாட்டு வண்டி மாதிரி போகிறதே என்று மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தேன். நெட்வொர்க் டிஸ்க்கில் எஸ்க்யூலைட் கோப்பை வைக்கவே கூடாது. ஒரு லட்சம் படம் தாண்டினால் மரியாடிபி என்ற பெரிய டேட்டாபேஸுக்கு மாறச் சொல்கிறது கையேடு. நான் மூன்று லட்சம் வரை தள்ளிப்போட்டு, குறிச்சொல் (படத்தோடு சேர்த்து வைக்கும் அடையாளப் பெயர்) பலகை திறக்க யோசிக்க ஆரம்பித்த பிறகு மாறினேன். மாற்றுவதற்குத் தனி வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. ராத்திரி விட்டுவிட்டுப் படுத்தேன், காலையில் முடிந்திருந்தது. ஆனால் மரியாடிபியை நிறுவி, கடவுச்சொல் வைத்து ஓடவிட அக்கா மகன் தேவைப்பட்டான். தனியாக என்னால் ஆகியிருக்காது.

குறிச்சொல்தான் இதன் உயிர். கிளை கிளையாக வைக்கலாம். எங்கள் பக்கம் ஆளைப் பெயரால் தேடினால் ஆகாது. ஒரே ஊரில் ஒரே பெயரில் எட்டுப் பேர் இருப்பார்கள். அதனால் ஊர், அதற்குள் வீட்டுப்பெயர், அதற்குள் ஆள். ஆயக்காரன்புலத்தைத் திறந்தால் மேலவீடு, கிட்டங்கி வீடு, உப்பளத்தார் வீடு. எல்லாம் தமிழில்தான் தட்டுகிறேன், தேடலும் தமிழிலேயே வேலை செய்கிறது. பழைய ஆக்சஸில் பெயர்களெல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தன. எழுத்துருவை எடுத்துவிட்டால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை. அந்த ஆயிரத்து முன்னூறு பெயரையும் யூனிகோடாக மாற்றித்தான் கொண்டுவந்தோம்.

தமிழில் குறிச்சொல் வைப்பவர்களுக்கு ஒரு விஷயம். டேட்டாபேஸ் கெட்டுப்போனாலும் குறிச்சொல் படத்தோடு இருக்கவேண்டும் என்றால், படக் கோப்புக்குள்ளேயே எழுதச் சொல்லலாம். அமைப்பில் அதற்கு இடம் இருக்கிறது. முதல் வேலையாக அதை இயக்குங்கள். எழுதும் முறையில் பழையது ஐ.பி.டி.சி., புதியது எக்ஸ்.எம்.பி. பழையதில் ஒரு குறிச்சொல்லுக்கு 64 பைட்தான் இடம். ஆங்கிலத்துக்கு 64 எழுத்து. தமிழ் யூனிகோடில் 'ம' 3 பைட், 'மா' என்றால் 6. 'மாப்பிள்ளை வீட்டார் வரவேற்பு' என்று நான் வைத்திருந்த குறிச்சொல் 80 பைட். 64இல் நறுக்கினால் 'மாப்பிள்ளை வீட்டார் வர' என்று நிற்கும். வந்தார்களா, வரவில்லையா? எக்ஸ்.எம்.பி.யில் இந்தத் தொல்லை இல்லை. நான் அதை மட்டும் நம்புகிறேன்.

முகம் தேடும் வசதிக்காகத்தான் பலரும் இதைக் கேட்டு வருகிறார்கள். 2020இல் வந்த 7ஆம் பதிப்பிலிருந்து இதற்குப் புதிய முறை. முகம் கண்டறியத் தேவையான கோப்புகளை ஒருமுறை தரவிறக்கிக்கொள்ளும், அதற்குப் பிறகு எல்லாம் நம் கம்ப்யூட்டரிலேயே நடக்கும். யாருடைய முகமும் வெளியே போவதில்லை. வாடிக்கையாளர் வீட்டுப் படங்களை வைத்திருப்பவனுக்கு இது பெரிய விஷயம். நேராகப் பார்க்கும் முகம் என்றால் நன்றாகப் பிடிக்கிறது. மணப்பெண் அலங்காரத்தில் இருந்தால் தடுமாறுகிறது. நமக்கே அடையாளம் தெரியாதபோது அதைச் சொல்லிக் குற்றமில்லை. மீசை வைத்த அறுபது வயது மாமாக்கள் எல்லாரும் அதற்கு ஒரே மாமாதான். அதனால் அது சொல்வதை அப்படியே ஏற்காமல் ஒவ்வொன்றாகச் சரி என்று அழுத்தவேண்டும். 4 லட்சம் படத்தில் எல்லா முகத்துக்கும் பெயர் வைக்க ஆயுள் போதாது. நான் ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர்கள் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் வைத்தேன். ஏன் பெரியவர்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

கருப்பம்புலத்துக்காரர் படத்தை எப்படி எடுத்தேன் என்று சொல்கிறேன். அவர் பெயர் குறிச்சொல்லில் இல்லை. வீட்டுப்பெயர் இருந்தது. அதைத் திறந்தால் நாலு விசேஷம், இரண்டாயிரத்துச் சொச்சம் படம். ஒரு குரூப் படத்தில் அவரைப் பார்த்து, முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டுப் பெயர் வைத்து, அடையாளம் காண ஓடவிட்டேன். பதினெட்டுப் படம் வந்தது. ஆறு, யாரோ மச்சினன். மீதியில் ஒன்று, பந்தியில் யாரையோ உபசரித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிற படம். தோளில் துண்டு. அதைத்தான் வெட்டி அனுப்பினேன். அனுப்பியதும் அந்தப் படத்துக்கு 'அஞ்சலி' என்று ஒரு குறிச்சொல் போட்டுவிடுவேன். அடுத்த வருடம் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு அதே படத்தைத்தான் கேட்பார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. நாலா பக்கமும் பலகைகள், பொத்தான்கள். கடைப் பையனுக்குப் பழக்க ஒரு மாதம் ஆனது. இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் திறந்து இரண்டு பேர் வேலை செய்வதற்காக எழுதப்பட்டதல்ல. ஐந்து பேர் வேலை செய்யும் பெரிய ஸ்டுடியோவுக்கு இது தோதுப்படாது. டிஸ்க்கை அதற்கென்று உள்ள எண்ணை வைத்து அடையாளம் காண்கிறது. நான் ஒருமுறை டிஸ்க் மாற்றிப் புதியதில் எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டுத் திறந்தேன். தொகுப்பைக் காணவில்லை, இடம் மாறிவிட்டதா என்று கேட்டது. பதறிப்போய் இல்லை என்று அழுத்திவிட்டேன். மறுபடி முதலிலிருந்து கணக்கெடுப்பு. பொறுமையாகப் படித்திருந்தால் ஒரு சொடுக்கில் முடிந்திருக்கும். படத் திருத்தத்துக்கும் இதில் வசதி இருக்கிறது, நான் தொடுவதில்லை. கலர் வேலையெல்லாம் லைட்ரூம் என்ற வேறு மென்பொருளில்தான். அதன் கேட்டலாகும் (படப் பட்டியல் கோப்பு) உள்ளே எஸ்க்யூலைட்தான் என்று பிறகு தெரிந்தது.

பிக்காசா என்ற பழைய படத் தொகுப்பு மென்பொருளை வைத்திருந்து, 2016இல் கூகுள் அதை நிறுத்திய பிறகு எதற்கும் மாறாமல் இன்னும் அதையே ஓட்டிக்கொண்டிருக்கும் ஸ்டுடியோக்காரர்கள் நம் பக்கம் நிறையப் பேர். அவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரே நாளில் எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள். ஒரு வருடத்துப் படத்தை மட்டும் காட்டி, ஒரு வாரம் தட்டிப் பாருங்கள். குறிச்சொல்லுக்கு என்ன கிளை, என்ன பெயர் என்று முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நான் எழுதாமல் ஆரம்பித்ததால் 'காதுகுத்து', 'காது குத்து', 'காதணி விழா' என்று மூன்று கிளை முளைத்து, பிறகு ஒன்றாக்கினேன்.

அப்பாவின் நோட்டிலிருக்கும் 1981 முதல் 2005 வரைக்குமான நெகட்டிவ் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. கஜாவுக்குத் தப்பியது பாதிதான். வாரம் இரண்டு சுருள் என்று ஸ்கேன் செய்து ஏற்றிக்கொண்டிருக்கிறோம். நோட்டில் இருக்கும் வீட்டுப்பெயரே குறிச்சொல் ஆகிவிடுவதால் அந்த வேலை மிச்சம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி கடை சாத்துவதற்கு முன் டேட்டாபேஸையும் அந்த வாரப் படங்களையும் இன்னொரு 8 டெராபைட் டிஸ்க்கில் நகலெடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்த டிஸ்க் திருவாரூரில் அக்கா வீட்டு பீரோவுக்குப் போய்விடும். அங்கே கடல் இல்லை.